41 பிள்ளைகள், 2 வாலிபால், ஒரு விசில்

கேள்வி

வணக்கம் மேடம். உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கான பி.பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி அணியில் கபடி ஆடுகிறேன். டீச்சிங் பிராக்டிஸுக்கு என்னை ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் போட்டிருக்கிறார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் கிடைக்கும், கபடியும் வாலிபாலும் சொல்லிக்கொடுக்கலாம் என்று லெசன் பிளான் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். பெரிய பிள்ளைகள் குறுவட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று சொல்லி, ஹெச்.எம். எனக்கு 2, 3ஆம் வகுப்புகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். மொத்தம் 41 பிள்ளைகள். கையில் 2 வாலிபால், ஒரு விசில்.

ஒரு வாரம் ஆகிவிட்டது. வரிசையில் நிற்கச் சொன்னால் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. விசில் ஊதினால் ஓடுகிறார்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஒரு சிறுமி தினமும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு முறை வந்து சத்தம் தாங்கவில்லை என்றார். வியாழக்கிழமை ஒரு பையன் பக்கத்தில் நின்றவனைத் தள்ளிக்கொண்டே இருந்தான். கோபத்தில் 20 தோப்புக்கரணம் போடச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் எண்ணிச் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த வாரம் நான் வகுப்பு எடுப்பதைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து அப்சர்வேஷனுக்கு வருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு வராதோ என்று தோன்றுகிறது.

பெயர் வெளியிட வேண்டாம், வயது 23

பதில்

தம்பி, முதலில் அந்தப் பையன். பந்து, வரிசை, விசில் எல்லாம் அப்புறம் பேசலாம்.

திங்கள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அவனுடைய வகுப்பாசிரியரைப் பார்த்து, நடந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயிலிருந்தும் அது அவருக்குப் போகக் கூடாது. காய்ச்சலாக இருக்கலாம், ஊரில் கொடையாக இருக்கலாம், அவன் வராததற்கு நீங்கள் காரணமாக இல்லாமலும் போகலாம். ஆனாலும் விசாரியுங்கள். அவன் வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, "அன்னைக்கு சார் உன்னைத் தோப்புக்கரணம் போடச் சொன்னது தப்பு. இனிமே சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தள்ளியது தப்பு என்று அதே மூச்சில் அறிவுரையும் சேர்க்காதீர்கள். அதை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 20 தோப்புக்கரணமும், அதைச் சுற்றி நின்று எண்ணிய 40 குரல்களும் அதில் அடங்கும். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஓடுவதும் தாவுவதும் உட்கார்ந்து எழுவதும்தான் நம் பாடம். நாமே அதைத் தண்டனையாகக் கொடுத்தால், "ஓடு" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் பிள்ளைக்கு "நான் என்ன தப்பு செய்தேன்" என்றுதான் தோன்றும். "கிரவுண்டை அஞ்சு ரவுண்டு ஓடிட்டு வா" என்று தண்டனையாக ஓடியே வளர்ந்து, பெரியவர்களானதும் ஓடவே பிடிக்காமல் போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, இனி வகுப்புக்கு வருவோம். அந்தப் பையன் ஏன் தள்ளினான் என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

41 பிள்ளைகள், 2 பந்து. இரண்டு வரிசை நிறுத்தியிருப்பீர்கள், வரிசைக்கு இருபது பேருக்கு மேல். ஒரு பிள்ளை முன்னால் வந்து பந்தைப் பிடித்து, திருப்பி எறிந்து, தவறினால் ஓடிப்போய் எடுத்து வந்து, வரிசையின் கடைசிக்குப் போகக் குறைந்தது 15 விநாடி ஆகும். 21 பேர் முடிய ஐந்தேகால் நிமிடம். 40 நிமிடப் பீரியடில் வருகை எடுப்பது, வரிசை கட்டுவது, விளக்குவது, திரும்ப வகுப்புக்கு அழைத்துப்போவது எல்லாம் போக 25 நிமிடம் மிச்சமாகும் என்று வையுங்கள். ஒரு பிள்ளைக்கு மிஞ்சிப்போனால் 5 முறை வாய்ப்பு வரும். ஐந்து பதினைந்து எழுபத்தைந்து விநாடி. மீதி இருபத்து மூன்றே முக்கால் நிமிடமும் ஏழு வயதுப் பிள்ளை வெயிலில் சும்மா நிற்க வேண்டும், முன்னால் நிற்பவன் முதுகைப் பார்த்துக்கொண்டு. அவன் தள்ளாமல் என்ன செய்வான்?

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மிதமானது முதல் கடுமையானது வரையான உடல் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் நம் பீரியடிலிருந்து போய்ச் சேர்ந்தது ஒன்றேகால் நிமிடம். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு அணிக்காகப் பயிற்சி கொடுக்கும்போது வரிசை சரிப்பட்டு வரும். அடுத்தவன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வயது அவர்களுக்கு வந்திருக்கும். ஏழு, எட்டு வயது தானே செய்துதான் கற்றுக்கொள்ளும். ஆகவே இனிமேல் வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்றைக்குப் பந்து ஒரு பிள்ளையின் கைக்கு எத்தனை முறை போனது? ஒழுங்காக நின்றார்களா, அழகாக இருந்ததா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்து, அந்தக் கண்ணை மூடுவது. வாலிபாலின் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ., எடை 260 முதல் 280 கிராம். அதை இரண்டாம் வகுப்புப் பிள்ளையை நோக்கி எறிந்துவிட்டுப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். இரண்டு கையையும் விறகுக்கட்டு வாங்குவதுபோல விறைப்பாக நீட்டும். பந்து பாதி தூரம் வருவதற்குள் முகம் ஒரு பக்கம் திரும்பிவிடும். கண் மூடும். தோள் காதுவரை ஏறும். பந்து முழங்கையில் பட்டு நெஞ்சில் மோதும், கை அதன் பிறகுதான் மூடும், காற்றைப் பிடிக்கும். இது பயந்த சுபாவம் இல்லை, சோம்பலும் இல்லை. வேகமாக வரும் பந்தைக் கண்ணால் தொடர்வதும், அது வரும் நேரத்துக்குக் கையை மூடுவதும் அந்த வயதில் இன்னும் பழகிக்கொண்டிருக்கும் வேலைகள். அதோடு ஏற்கெனவே ஒருமுறை மூக்கில் அடிபட்டிருந்தால், அடுத்த முறை முகம் தானாகத் திரும்பத்தான் செய்யும்.

அந்த 2 வாலிபாலையும் அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து துணிப்பந்து செய்யுங்கள். பழைய சாக்ஸ் ஒன்று, அதற்குள் கிழித்த துணியை இறுக்கித் திணித்து, ஆரஞ்சுப் பழ அளவு வந்ததும் முடிச்சுப் போட்டு, மிச்ச சாக்ஸை அதன் மேலேயே திருப்பி மூடித் தைத்துவிட்டால் முடிந்தது. தையல் கடையில் கேட்டால் வெட்டுத்துணி ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். 22 பந்து செய்தால் இரண்டு பேருக்கு ஒன்று போக ஒன்றிரண்டு மிஞ்சும். சைக்கிள் கடையில் பழைய டியூபை வாங்கிக் குறுக்காக வெட்டினால் சின்ன வளையங்கள் கிடைக்கும், அவை எறிந்து பிடிக்கவும் குறி வைக்கவும் உதவும். துணிப்பந்து முகத்தில் பட்டாலும் வலிக்காது, விழுந்தாலும் வேலி வரை உருண்டு ஓடாது. ஓடாத பந்துதான் சின்னப் பிள்ளை வகுப்பில் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இப்போது இரண்டிரண்டு பேராக, மூன்று தப்படி இடைவெளியில் எதிரெதிரே நிறுத்துங்கள். 41 ஒற்றைப்படை, ஓர் இடத்தில் மூன்று பேர் இருக்கட்டும். கீழிருந்து மேலாக, மெதுவாக எறியச் சொல்லுங்கள். பிடிப்பவருக்கு ஒரே ஒரு வார்த்தை: "பந்தையே பார்." கையை இப்படி வை, முழங்கையை மடக்கு, காலை அகட்டு என்று நாலு விஷயம் சொன்னால் நாலும் போய்விடும். பந்தின் ஒரு பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு பொட்டு வைத்து, "பொட்டு மேலே வந்துச்சா கீழே வந்துச்சா சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். கண் மூடுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நின்றுவிடும், ஏனென்றால் பொட்டைத் தேட வேண்டியிருக்கிறது. விழுந்து எடுக்கிற நேரத்தை எல்லாம் கழித்தாலும் 5 நிமிடத்தில் ஒரு பிள்ளை 20 முறை பந்தைப் பிடிக்கப் பார்த்திருக்கும். பழைய வரிசையில் அவ்வளவு வர நாலு பீரியட் ஆகியிருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் எறிவதைச் சொல்லிக்கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது கால். நிறையப் பிள்ளைகள் எந்தக் கையால் எறிகிறார்களோ அதே பக்கக் காலை முன்னால் வைப்பார்கள். எதிர்ப்பக்கக் கால் முன்னால் போகிற இடத்தில் தரையில் ஒரு புங்க இலையை வைத்து, "இலையை மிதிச்சுட்டு எறி" என்று சொன்னால் போதும்.

விசில் விஷயம். அவர்களுக்கு விசில் என்றால் "ஆரம்பி" என்றுதான் பொருள், ஓட்டப்பந்தயத்தில் அதைத்தானே பார்த்திருக்கிறார்கள். நிற்பதையும் ஒரு திறமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் முதல் ஐந்து நிமிடம் இது மட்டும் செய்யுங்கள்: எல்லோரும் கட்டத்துக்குள் இஷ்டப்படி நடக்கட்டும், நீங்கள் மூன்று முறை கை தட்டினால் சிலையாக நிற்க வேண்டும். யார் ஆடினார்கள் என்று பிடிக்காதீர்கள். "எல்லாச் சிலையும் நின்னாச்சு, இப்ப கொக்கு மாதிரி நில்லுங்க", "இப்ப தவளை மாதிரி தாவிப் போங்க" என்று அடுத்ததற்குப் போய்விடுங்கள். நடப்பது ஓட்டமாகட்டும், ஓட்டம் ஒற்றைக்கால் தாவலாகட்டும். நின்றால்தான் அடுத்த வேடிக்கை வரும் என்று புரிந்துவிட்டால் கைதட்டலுக்கு அவர்களே காத்திருப்பார்கள். இதுவே உங்கள் வார்ம்-அப்பும் ஆகிவிடுகிறது. விசிலை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதைக் குறையுங்கள். விளக்கம் அரை நிமிடத்துக்கு மேல் போனால் பின்னால் இருப்பவர்கள் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடுவார்கள். பேசும்போது சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், அவர்கள் முதுகில் அடிக்கட்டும். கையில் பந்து இருந்தால் கேட்கவே மாட்டார்கள், "பந்தை ரெண்டு காலுக்கு நடுவுல வை" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். நடுவில் நிற்காதீர்கள். ஓரத்தில் வேலிக்கு முதுகு காட்டி நின்றால் 41 பேரும் கண்ணில் இருப்பார்கள். அணி பிரிக்க இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கடைசியில் எஞ்சி நிற்கிற பிள்ளை எந்த வகுப்பிலும் அநேகமாக ஒரே பிள்ளைதான், அது அதற்குத் தெரியும். கூடையில் வேப்பிலை, புங்க இலை, பூவரச இலை போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொல்லுங்கள், இலைக்கு ஓர் அணி.

விளையாட்டுக்கு நீங்கள் தேடி அலைய வேண்டாம். அந்தப் பிள்ளைகள் தெருவில் ஆடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியைப் பாருங்கள்: சில்லைக் குறிபார்த்து எறிய வேண்டும், ஒற்றைக்காலில் கட்டம் கட்டமாகத் தாவ வேண்டும், ஒற்றைக்காலில் நின்றபடியே குனிந்து சில்லை எடுக்க வேண்டும். எறிதல், தாவல், சமநிலை மூன்றும் ஒரே ஆட்டத்தில். சுண்ணாம்புத் தூளால் பத்துப் பாண்டிக் கட்டம் போட்டால் கட்டத்துக்கு நாலு பேர், ஒன்றில் ஐந்து. குறைந்த நேரம்தான் காத்திருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் வலது காலில் நன்றாகத் தாவும் பிள்ளை, இடது காலில் நாலு தாவல் சேர்ந்தாற்போல் போட முடியாமல் திணறும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பார்க்கும்போது நாலு ஆறாகியிருந்தால், அப்சர்வேஷன் ரெக்கார்டில் அதைவிட நல்ல குறிப்பு வேறு இல்லை.

நொண்டி ஆட்டத்தில் ஒரு சிறு மாற்றம் செய்யுங்கள். தொட்டால் அவுட், வெளியே போய் உட்கார் என்பதுதான் பொது விதி. முதலில் அவுட்டாகும் பிள்ளை யார்? மெதுவாக ஓடும் பிள்ளை, அன்றைக்குச் சரியாகச் சாப்பிடாத பிள்ளை, உடம்பு கனத்த பிள்ளை. யாருக்கு அதிகம் ஓட்டம் தேவையோ அவர்களே முதலில் உட்காருகிறார்கள், நன்றாக ஓடுகிறவன் கடைசி வரை ஓடுகிறான். அதனால் தொடப்பட்டவரும் நொண்டியாகச் சேர்ந்துகொள்ளட்டும். ஒரு நொண்டி இரண்டாகும், இரண்டு நாலாகும், கடைசி ஆள் வரை யாரும் உட்காரவில்லை. ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் கட்டம் நாலு போட்டு, கட்டத்துக்குப் பத்துப் பேரை விடுங்கள், ஒன்றில் பதினொன்று. கல்லா மண்ணாவிலும் இப்படித்தான்: தொடப்பட்டவர் ஓரத்துக்கு வந்து ஐந்து முறை குதித்துவிட்டுத் திரும்பப் போகலாம். இரண்டு நிமிடம் ஓடினால் அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் இயல்பாகவே விட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள், வெறும் ஓட்டமாக ரவுண்டு ரவுண்டாகச் சுற்ற வைப்பது அவர்களுக்கு ஒத்துவராது.

அந்த வேப்பமரத்தடிச் சிறுமி. இதில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் ஓட மாட்டேன் என்று நின்றாள். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும், "மத்தவங்களுக்கு மட்டும் கால் வலிக்காதா?" என்று கேட்டேன். அவள் ஓடினாள். அரை ரவுண்டு போனதும் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தால் நெஞ்சுக்கூடு உள்வாங்கி உள்வாங்கி எழுகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம், உதடு வெளுத்திருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இளைப்பு, அதாவது ஆஸ்துமா என்றார்கள். ஏற்கெனவே இரண்டு முறை வந்திருக்கிறது, வீட்டில் யாரும் பள்ளியில் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நல்லபடியாகப் பிழைத்து வந்தாள். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை, ஒரு பிள்ளை ஆட வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் நான் ஒருவரையும் ஆடச் சொன்னதில்லை.

அதனால் அவளைத் தூரத்திலிருந்து கூப்பிடாதீர்கள். பீரியட் தொடங்கும் முன்பு வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்: மூச்சு, வலிப்பு, இதயம் சம்பந்தமாக ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? அவளுக்கு மட்டும் என்று இல்லை, 41 பேருக்கும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் வேறு காரணங்கள் இருக்கும். பாவாடை பறக்குமே என்று கூச்சமாக இருக்கலாம். இதைப் பெண் பிள்ளைகள் ஆண் ஆசிரியரிடம் சொல்லவே மாட்டார்கள், வகுப்பு டீச்சர் மூலம் உள்ளே ஷார்ட்ஸ் போட்டுவரச் சொன்னால் தீர்ந்துபோகும். யாரோ சிரித்திருக்கலாம். செருப்பு இல்லாமல் கால் சுடலாம். கண் சரியாகத் தெரியாமல் பந்தைப் பார்த்துப் பயப்படலாம். காரணம் ஒன்றும் பிடிபடாவிட்டால், ஒரு துணிப்பந்தை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நீங்களும் நிழலில் உட்கார்ந்து, மெதுவாக அவள் பக்கம் உருட்டுங்கள். திருப்பி உருட்டினால் சரி. உருட்டாவிட்டால் மறுநாளும் உருட்டுங்கள். மூன்றாம் நாள் இன்னொரு சிறுமியை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் எழுந்து வந்துவிடுங்கள்.

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சண்டை வேண்டாம், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே இல்லாத மூலைக்கு மாறுங்கள். வரிசையும் காத்திருப்பும் குறைந்தாலே கூச்சலில் பாதி குறையும். எப்போது பாடம், எப்போது எழுத்து வேலை என்று அவரிடமே கேட்டு, சத்தமான ஆட்டத்தை எழுத்து வேலை நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். கேட்டாலே மனிதர்கள் பாதி இறங்கி வருவார்கள். பீரியட் மதிய உணவுக்கு அடுத்து வைத்திருந்தால், அதை மாற்றித் தரும்படி ஹெச்.எம்.மிடம் தயங்காமல் கேளுங்கள். வயிறு நிறையச் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகளை உச்சி வெயிலில் ஓட விடக் கூடாது. அந்த நேரத்தை மாற்ற முடியாவிட்டால் நிழலில் உட்கார்ந்து ஆடும் சொட்டாங்கல் போதும், அதிலும் கண்ணுக்கும் கைக்கும் நல்ல வேலை இருக்கிறது. தாகம் எடுக்கிறது என்று விளையாட்டுச் சூட்டில் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், நீங்களே நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பந்து வாங்குவது பற்றியும் பேச்சுவாக்கில் கேட்டு வையுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருட்களுக்கென்று தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரையும், உயர் தொடக்க நிலைக்கு 10,000 ரூபாய் வரையும் மானியம் உண்டு. அது வரும்போது சின்னப் பிள்ளைகள் கைக்கு அடங்கும் ரப்பர் பந்தும் நாலு வாங்க வேண்டும் என்று யாராவது நினைவுபடுத்தினால்தான் நடக்கும்.

பாதுகாப்பில் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். காலையிலேயே மைதானத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். நெருஞ்சி, கருவேல முள், கண்ணாடிச் சில்லு எல்லாம் பொறுக்கிய பிறகே வெறுங்காலோடு விடுங்கள். ஓட்டத்தின் எல்லையாகச் சுவரையோ மரத்தையோ ஒருபோதும் வைக்காதீர்கள். "சுவரைத் தொட்டுட்டு வா" என்றால் அந்த வயதுப் பிள்ளைக்கு வேகத்தைக் குறைத்து நிற்கத் தெரியாது, நேராகப் போய் மோதும். சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னாலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள். தலையில் அடிபட்டால், பிள்ளை சிரித்துக்கொண்டு எழுந்தாலும் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். ஹெச்.எம்.மிடமும் வீட்டிலும் அன்றே சொல்லிவிட வேண்டும். வாந்தி எடுத்தாலோ தூங்கி வழிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம், பயிற்சி மாணவர் நீங்கள் தனியாக 41 பேரைப் பார்த்துக்கொள்ளக் கூடாது, வகுப்பாசிரியர் மைதானத்தில் இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்சர்வேஷனுக்கு வருகிறவர்களை நினைத்து மறுபடி வரிசைக்குத் திரும்பிவிடாதீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஜெனரல் லெசன் பிளானில் வார்ம்-அப், ஃபார்மல் ஆக்டிவிட்டி, ஸ்பெஷல் ஆக்டிவிட்டி, ரிக்ரியேஷன் என்று கட்டம் கட்டமாக எழுதியாக வேண்டும். எழுதுங்கள், அதற்குள்ளேயே எல்லாம் அடங்கும். சிலை ஆட்டம் வார்ம்-அப். கொக்கு, தவளை, யானை நடையை எண்ணிக்கையோடு செய்ய வைத்தால் ஃபார்மல். துணிப்பந்து ஸ்பெஷல். நொண்டி ரிக்ரியேஷன். முடிக்கும்போது வட்டமாக உட்கார வைத்து மூச்சு சீராகும் வரை இரண்டு நிமிடம், கை தூக்கச் சொல்லி இரண்டு கேள்வி. மேற்பார்வையாளர் "இவர்களை ஏன் வரிசையில் நிறுத்தவில்லை?" என்று கேட்டால், மேலே போட்ட 75 விநாடிக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். இதில் புதுமை ஒன்றும் இல்லை. சென்னையில் ஹாரி குரோ பக் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கிய காலத்திலிருந்தே, வரிசையில் நின்று எண்ணிக்கைக்குச் செய்யும் ட்ரில்லா, விளையாட்டா என்ற பேச்சு நம் துறையில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் விளையாட்டின் பக்கம் நின்றவர்.

எனக்கு இது வராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். கபடியில் உங்களுக்குப் பிடி எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முதல் வாரத்தில் வந்திருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று சொல்வது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்குத்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். 1 முதல் 5 வரை அப்படி ஒருவர் வேண்டும் என்று அதில் இல்லை. ஓடவும் தாவவும் எறியவும் பிடிக்கவும் உடம்பு படிகிற வயதில் அதைச் சொல்லித்தர யாரும் இல்லாமல், ஆறாம் வகுப்புக்கு வந்ததும் கபடி ஆடு, வாலிபால் ஆடு என்கிறோம். முப்பது வருடம் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்து நான் வருந்தியது இதற்காகத்தான். பந்தைப் பிடிக்கத் தெரியாத பதினொரு வயதுப் பெண்ணுக்கு, சுற்றி எல்லோரும் பார்க்கும்போது முதல் முறை கற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஹெச்.எம். உங்களுக்குச் சின்ன வகுப்பைத் தள்ளிவிட்டதாக நினைக்காதீர்கள். அந்த 41 பேரில் பலருக்கு, உடற்கல்வி படித்த ஓர் ஆள் எதிரில் நின்று சொல்லிக்கொடுப்பது இதுவே முதல் தடவையாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை சுண்ணாம்புக் கோடு போட அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பாருங்கள். டப்பாவில் ஓட்டை போட்டு அவன் கையில் கொடுத்து, நீங்கள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோடு கோணலாக வந்தால் வரட்டும். அவன் வந்தானா, என்ன சொன்னான் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.